ஒன்பதாவது வரி

கார்குழலிக்குப் பொடி எழுத்து படிக்கிற வியாதி உண்டு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டையின் ஓரம், சீட்டுக் கம்பெனி நோட்டீஸின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே அந்தக் கடைசி வரி, எதையும் விடமாட்டாள். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் ஆறு வருஷமாக டைப்பிஸ்ட். கப்பலில் வருகிற பெட்டி, போகிற பெட்டி, யார் அனுப்பினார், யார் பெறுநர், நனைந்தால் யார் பொறுப்பு, உடைந்தால் யார் பொறுப்பு என்று நாள் முழுக்கத் தட்டித் தட்டி, எந்தக் காகிதத்தையும் சட்டென்று நம்பாத புத்தி வந்துவிட்டது. கெட்டிக்காரிதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளை ஒரே ஒரு நாள்தான் கைவிட்டது.

புருஷன் உதயா திருவொற்றியூர் குப்பத்துக்காரன். அப்பன் பாட்டன் எல்லாம் கடல்மேல் போனார்கள் என்றால் இவன் கடலுக்குள்ளே போனான். துறைமுகத்தில் டைவர். கப்பலின் அடியில் பிடித்த சிப்பியைச் சுரண்டுவது, ப்ரொப்பெல்லரில் சுற்றிய கயிற்றை அறுப்பது இதெல்லாம் வேலை. தண்ணீர் கன்னங்கரேலென்று கலீஜாக இருக்கும், கை வைத்த இடம்தான் கண். அப்படிப்பட்டவனுக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு டூர் கம்பெனி வேலை கொடுத்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போய்க் கடலுக்குள் மீன் காட்டுவார்கள். கூடவே இறங்கி அவர்களைப் பத்திரமாக மேலே கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். ரெண்டு தடவை போய்வந்தான். "கண்ணாடி மாதிரி தண்ணி குழலி, என் கால் வெரல எண்ணலாம்" என்று வந்து வாய் ஓயாமல் சொன்னான். மூன்றாவது பயணத்துக்கு முன்னால், 2002 ஜனவரியில், அங்குள்ள படகுக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டைவிங்குக்கான இன்சூரன்ஸ் இல்லாதவன் படகில் கால் வைக்கக் கூடாது.

கம்பெனிக்காரர் ஒரு பாலிசியைக் கையில் கொடுத்து அனுப்பினார். சாதாரணப் பயண இன்சூரன்ஸ். கார்குழலி அதை ஒரு புரட்டுப் புரட்டினாள். நான்காம் பக்கத்தில் ஆபத்தான விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு பட்டியல், அதில் மலையேற்றத்துக்கும் பாராசூட்டுக்கும் நடுவில் ஸ்கூபா.

"இது பெட்டி தொலஞ்சா காசு குடுக்கும். நீ தொலஞ்சா குடுக்காது" என்றாள்.

"பெட்டில நாலு ஜட்டி கீது. அதுக்கா இன்சூரு?" என்று உதயா சிரித்தான். "நீயே பாத்து நல்லதா ஒண்ணு எழுது. இங்கிலீஷுன்னா எனக்கு மூச்சு முட்டுது. நாப்பது மீட்டர் ஆழத்துல கூட அப்படி முட்டல."

ஆபீஸுக்குச் சரக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொடுக்கிற ஹபீபுல்லா பாயிடம் கேட்டாள். அவர் விசாரித்து, டைவிங்குக்கென்றே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வைத்திருந்த படிவத்தை வரவழைத்தார். ஒன்பது வரிகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து, பாயில் குந்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். உதயா எதிரே காலை நீட்டிக்கொண்டு வேர்க்கடலை தின்றான். மாமியார் முத்தம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

ஆழம் முப்பது மீட்டரா நாற்பதா என்று முதலில் கேட்டிருந்தார்கள். முப்பது என்று போட்டால், முப்பத்தொன்றில் ஏதாவது ஆனால் கையை விரித்துவிடுவார்கள். நாற்பது என்று தனியே குறித்துக்கொண்டாள். விளையாட்டாக இறங்குகிறவரா, தொழிலாக இறங்குகிறவரா என்று அடுத்த கேள்வி. கம்பெனிக்காரர் விளையாட்டு என்றே போடச் சொல்லியிருந்தார். தொழில் என்று குறித்தாள். அப்புறம் அழுத்த அறைச் சிகிச்சை.

"அது இன்னாடா ரூம்பு?" என்றாள் முத்தம்மா.

"கோலி சோடாவ ஒடச்சா பொங்குதுல்ல, ஆழத்துலேர்ந்து வேகமா மேல வந்தா ரத்தம் அப்டி பொங்கும்மா. அப்ப ஆள ஒரு இரும்பு ரூம்புல போட்டு, காத்தால அமுக்கி, அப்பால மெதுவா தொறப்பாங்கோ. செரியாப் பூடும்."

"எழுதிக்கோடி" என்றாள் முத்தம்மா மருமகளிடம். தீவிலிருந்து அந்த அறை இருக்கிற ஊருக்கு வேகப் படகில் கொண்டுபோக ஒரு வரி இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். இப்படியே எட்டு வரியும் ஓடிவிட்டது. ஒன்பதாவதைக் கார்குழலி பேச்சு வாக்கில் படித்துவிட்டாள். இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருதல்.

கூடை சுவரில் போய் மோதியது.

"எந்திரி" என்றாள் முத்தம்மா. "போயி வாயக் கொப்பளி."

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. கடலுக்குப் போக ஒருவன் நாள் குறித்துவிட்டால், அவன் திரும்பி வந்து வாசல் மிதிக்கிறவரைக்கும் அந்த வீட்டில் சாவு, பிணம், பாடை என்று எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. வந்துவிட்டால் உப்புத் தண்ணீரில் மூன்று தரம் கொப்பளித்து வாசலுக்கு வெளியே துப்ப வேண்டும். கார்குழலி இதையெல்லாம் அறியாமல் வளர்ந்தவள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவள் வீடு. அப்பா பீம்ராவ் ரயில்வே லோகோவில் ஃபிட்டர். சுவரில் புத்தர் படம், கூடத்தில் அம்பேத்கர் படம். ராகு காலம் என்று யாராவது பேச்செடுத்தால் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இவள் உதயாவைக் காதலித்து முடித்த கல்யாணத்தைக்கூட வேண்டுமென்றே ராகு காலத்தில்தான் நடத்தினார். குப்பமே மூக்கில் விரலை வைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் குப்பத்துக்கு அவள் கடல் அறியாத தரைக்காரிதான்.

ஆனாலும் எழுந்து போய்க் கொப்பளித்தாள். மாமியாருக்காகத்தான். உள்ளே வந்தபோது உதயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் ஆபீஸுக்குக் கிளம்புகிறபோது முத்தம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். கூடை தலையில், வெற்றிலை வாயில். தூரத்தில் பஸ் தெரிந்தது. அப்புறம் கூடையை இறக்கி வைத்தாள்.

"உன் மாமனாரு போயி இருவத்தோரு வருசம் ஆவுது. போட்டு வந்துச்சு, வல வந்துச்சு, அவுரு வரல. மொகத்தப் பாத்திருந்தா மாரடிச்சிகினு ஒரு நாளு அளுது முடிச்சிருப்பேன். பாக்கலியே. இன்னிக்கும் காசிமேட்டுல எவனாவது அவராட்டம் முதுவக் காட்டிகினு நின்னா, கூடய எறக்கி வச்சிட்டு முன்னால போயி மொகத்தப் பாத்துட்டு வரேன். இந்த வயசுல. வெக்கமா கீது."

கார்குழலி வந்து நின்ற பஸ்ஸில் ஏறவில்லை.

"நேத்து கொப்பளிச்சது கொப்பளிச்சதாவே இருக்கட்டும்" என்றாள் முத்தம்மா. "நீ அந்த வரிய எழுதிட்டு வா. எங்கிட்ட வாயால சொல்லாத, அவங்கிட்டயும் சொல்லாத. எழுதிட்டு மட்டும் வா."

அன்றைக்கு மத்தியானம் ஹபீபுல்லா பாயின் ஆபீஸில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மளமளவென்று எட்டு வரியையும் நிரப்பினாள். ஒன்பதாவதில் டிக் போட்டால் மட்டும் போதாது, அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பெறுநர் பெயர், உறவு, விலாசம், பெறுநர் கையெழுத்து.

எத்தனை ஆயிரம் தரம் தட்டியிருப்பாள் அந்தச் சொல்லை. மோட்டார் பார்ட்ஸுக்குப் பெறுநர், வெங்காய மூட்டைக்குப் பெறுநர், கிரானைட் கல்லுக்குப் பெறுநர். பேனாவை வைத்து ஆங்கிலத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. ஆபீஸ் வேலையாக மீனம்பாக்கம் சரக்குக் கிடங்குக்கு நாலைந்து தடவை போயிருக்கிறாள். எந்த கேட், எந்த ஜன்னல், ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்து இங்கே ஒன்று இங்கே ஒன்று என்று விரலால் காட்டுகிற ஆளின் முகம் எது, எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு அந்த வரி வெறும் வரி. இவளுக்கு அது கண்ணெதிரே வந்து நின்றது. அந்த ஜன்னலில் அவள் நிற்கிறாள், தள்ளுவண்டியில் ஒரு பெட்டி வருகிறது.

சகுனம் பார்க்காத வீட்டில் பிறந்தவள்தான். மாமியாரின் கொப்பளிப்பைப் பார்த்துச் சிரித்தவள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எழுதினால் நடந்துவிடும் என்று தனக்குள்ளும் ஒன்று நம்பிக்கொண்டிருக்கிறது. முத்தம்மாவுக்காவது கொப்பளித்துத் துப்பத் தெரியும். இவளுக்கு அதுவும் தெரியாது.

அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

ஹபீபுல்லா பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது எதுக்கும்மா அடிச்சீங்க? காசு ஒண்ணும் பெருசா கொறயாதே."

"காசுக்காக இல்ல பாய்."

"அப்புறம்?"

"அவரு நடந்து வருவாரு பாய். அந்த வழியா வரமாட்டாரு."

"அல்லா நல்லபடியா கொண்டாந்து சேக்கட்டும்மா. அதுக்காக எழுதாம விடறதா? வேற படிவம் தரேன், திரும்ப எழுதுங்க."

"வேணாம் பாய். அனுப்பிடுங்க."

அவர் இன்னொரு தரம் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. அதை நினைத்து அவர் பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முத்தம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள். கார்குழலி தலையை ஆட்டினாள். எழுதிவிட்டேன் என்று. பொய் சொல்ல ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. முத்தம்மா பெருமூச்சு விட்டுக் குழம்பைக் கிண்டப் போனாள்.

பத்தாம் நாள் உதயா கிளம்பினான். வழக்கப்படி யாரும் எப்போ வருவே என்று கேட்கவில்லை. அவனும் போய்ட்டு வரேன் என்று சொல்லாமல், "மாங்கா வாங்கி ஊறுகா போட்டு வை, நெறையா போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆபீஸுக்குப் போன் வந்தது. கம்பெனிக்காரர்தான். கூட இறங்கிய ஒரு பையன் பயத்தில் கையைக் காலை உதறி, மிதக்க வைக்கிற சட்டையிலிருந்த காற்றை வெளியே விட்டு, கல் மாதிரி ஆழத்துக்குப் போயிருக்கிறான். உதயா பின்னாலேயே முப்பத்தெட்டு மீட்டர் வரை போய் அவனைப் பிடித்து, அவன் வாயில் தன் காற்றைக் கொடுத்து, ரத்தம் பொங்காமலிருக்க நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வழியில்லாமல் ஒரே மூச்சில் மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். பையனுக்கு ஒன்றுமில்லை. உதயாவுக்குப் படகிலேயே தோளில் வலி, அப்புறம் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது.

கார்குழலி அழவில்லை. பாலிசி நகலை எடுத்துக்கொண்டு ஹபீபுல்லா பாயின் ஃபேக்ஸ் மெஷினுக்கு ஓடினாள். இரண்டு நாள் அந்த மெஷின்தான் அவளுக்குக் கோயில், புத்த விகாரை எல்லாம். முப்பத்தெட்டு மீட்டரா என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டு அனுப்பினார்கள். நாற்பது வரைக்கும் எழுதியிருந்தாள். தொழிலாக இறங்கினவரா என்று கேட்டார்கள். ஆம் என்று எழுதியிருந்தாள். வேகப் படகு, சரி. அழுத்த அறை, சரி. ரெண்டாவது டாக்டர் செலவு, சரி. அவள் போட்ட ஒவ்வொரு வரியும் வேலை செய்தது. தன் கையாலேயே அவனைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொண்டிருப்பது போலத்தான் அவளுக்கு இருந்தது. முதல் நாள் ராத்திரி அவனே போனில் ரெண்டு நிமிஷம் பேசினான். "ரூம்பு மெய்யாலுமே கோலி சோடா பாட்டிலாட்டம்தான் கீது குழலி" என்றான். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு உதயா அங்கே செத்துப்போனான்.

குப்பத்துக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. அவள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெரு முழுக்க ஆட்கள். முத்தம்மா வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். உதயாவின் அக்கா சிவந்தி மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். பெரியவர்கள் ரெண்டு பேர், பையனை எப்படிக் கொண்டு வருவது, கலெக்டரைப் பார்ப்பதா, மந்திரியைப் பார்ப்பதா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தம்மா தலையைத் தூக்கினாள்.

"யாரையும் பாக்க வேணாம். கொண்டாந்துருவாங்கோ" என்றாள். "எம் மருமவ அல்லாத்தையும் எழுதி வச்சிகீது. படிச்ச பொண்ணு. எம் புள்ள மொகத்த எனுக்குக் காட்டிருவா."

அந்த இடத்தில் பூமி பிளந்து கார்குழலியை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அவள் மாமியாரின் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அத்த, நான் எழுதல."

முத்தம்மாவுக்குப் புரியவில்லை.

"அந்த வரிய அடிச்சிட்டேன். கை வரல அத்த. எழுதுனா ஆயிடும்னு பயந்துட்டேன். உங்ககிட்ட எழுதிட்டேன்னு தலைய ஆட்டுனது பொய்."

முத்தம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று கார்குழலி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அவள் தரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள், சுவரோடு சாய்ந்தாள், அதற்கப்புறம் ரெண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அந்த ரெண்டு நாளும் கார்குழலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் ஓடினாள். அந்த வரி இருந்திருந்தால் அங்கேயே ஒரு ஆபீஸ் எல்லாவற்றையும் பார்த்திருக்கும். பெட்டி, தூதரகக் காகிதம், விமானம், மீனம்பாக்கம் வரைக்கும். அது இல்லாததால் குடும்பத்தில் ஒருவர் நேரே வந்து பொறுப்பெடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் பாஸ்போர்ட் இருந்த ஒரே ஆள் உதயாதான். ஆஸ்பத்திரி நாலு நாள் வைத்திருக்கும், அதற்கு மேல் இடமில்லை. அவசர பாஸ்போர்ட்டுக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பாஸ்போர்ட் ஆபீஸ் ஜன்னலில் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்காரர் முதல் நாள் அழுதார், ரெண்டாம் நாள் போனை எடுக்கவில்லை. பீம்ராவ் தெரிந்த யூனியன் தலைவர்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவிலேயே நின்றார். ஹபீபுல்லா பாய் இன்சூரன்ஸ்காரர்களிடம் போனில் கெஞ்சினார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வரி அடிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் கையெழுத்து இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, வருந்துகிறோம்.

நாலாம் நாள் ஹபீபுல்லா பாய் கடைசி ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அங்கேயே தகனம் செய்துகொள்ள மனைவி சம்மதம் தர வேண்டும். அவர் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் சிவந்தியின் காதில் விழுந்துவிட்டது.

"அங்கியே கொளுத்தறதா? அல்லாம் எழுதிகீதுன்னு அம்மா சொல்லிச்சே" என்று எழுந்தாள். "பாய், நீங்க சொல்லுங்க. அந்தப் பேப்பர்ல இன்னா கீது?"

ஹபீபுல்லா பாய் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "அந்த ஒரு வரி அடிச்சிருக்கும்மா" என்றார்.

"யாரு அடிச்சது?"

கூட்டத்திலிருந்த அத்தனை கண்ணும் கார்குழலி மேல் வந்து விழுந்தன. தரைக்காரி, ராகு காலத்தில் தாலி கட்டிக்கொண்டவள், சாமி கும்பிடாத வீட்டுப் பெண். மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் இப்போது ஒவ்வொருவர் நாக்கு நுனியிலும் வந்து நின்றது. கார்குழலி வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முத்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மூன்று நாள் பேசாத தொண்டை, வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அவ எழுதறேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணாம்னேன். எம் புள்ள கடலுக்குப் போவும்போது அந்த வார்த்தய எழுதக் கூடாதுன்னேன். வாயக் கொப்பளிக்க வெச்சேன். மாமியா சொல்ல மீறாத பொண்ணு அடிச்சிட்டு வந்தா. கேக்கறதுன்னா என்னக் கேளு."

"நீயாம்மா?" என்றாள் சிவந்தி. "அப்பா மொகம் பாக்காம நீ பட்டது பத்தலியாம்மா? எந்தம்பி மொகத்தயும் பாக்கவுடாம பண்ணிட்டியேம்மா."

முத்தம்மா பாயைப் பார்த்து, "அந்தக் காயிதத்த அதுகிட்ட குடுங்க" என்றாள். கார்குழலி கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். இந்தத் தடவை கை நிற்கவில்லை, நடுங்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு ஆற்றமாட்டாத வேதனையாக இருந்தது.

இருபத்தைந்து நாள் கழித்துச் சாம்பல் ஒரு சின்ன டப்பாவில் வந்தது. முத்தம்மா அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எவன்னு எனுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டாள். சிவந்தி வீட்டு ஆட்கள் கொண்டுபோய்க் கடலில் கரைத்தார்கள். முத்தம்மா போகவில்லை.

ஒன்றரை மாதத்தில் அவள் மறுபடி கூடையைத் தூக்கினாள். வயிறு இருக்கிறதே. காசிமேட்டில் பக்கத்துக் கடைக்காரிகள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். பெற்ற பிள்ளையின் பிணத்தைக்கூட ஊர் வந்து சேரவிடாமல் பண்ணினவள் என்று காதுபடவே பேசினார்கள். சிவந்தி தாய் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் முத்தம்மாவின் குடம் கடைசியில்தான் நின்றது. கார்குழலியிடம் மட்டும் எல்லோரும் இதமாக, பாவம் என்று பேசினார்கள். அவளுக்கு ஒவ்வொரு இதமான வார்த்தையும் முள்ளாகக் குத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முத்தம்மா விற்காத மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கு ஒருத்தியும் அவளிடம் வாங்கவில்லை. கார்குழலிக்குப் பொறுக்கவில்லை.

"அத்த, நான் போயி எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடறேன். சிவந்தி அண்ணிகிட்ட மொதல்ல சொல்றேன். எனக்காக நீங்க இந்தப் பேச்ச வாங்க வேணாம்."

முத்தம்மா அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு சங்கராவை எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள்.

"உம்மேல கோவம் இல்லன்னு நென்ச்சிகினியா?" என்றாள். தலையைத் தூக்கவில்லை. "கீது. எரிஞ்சிகினு கீது. எம் புள்ள மொகத்த நான் பாக்கல, அது உன்னாலதான். நான் சாவுற வரிக்கும் இது போவாது. போவும்னு நெனச்சி எங்கூட இருக்காத."

கார்குழலி தண்ணீர்ச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆனா அவன் ஒருத்தியக் கொண்டாந்து எங்கிட்ட வுட்டுட்டுப் போனான். ஊரு கிழிச்சா ஒன்னால தாங்க முடியாது. எனுக்குத் தாங்கிப் பழக்கம். வெளிய எவன் கேட்டாலும் நான் பதிலு சொல்லிக்கிறேன். வூட்டுக்குள்ள நீ எனுக்கு பதிலு சொல்லு, தெனிக்கும் சொல்லு, அது போதும்."

அவன் போன நாளிலிருந்து அழாத கார்குழலி அன்றைக்குத்தான் அழுதாள். முத்தம்மா அவளைத் தொடவுமில்லை, போ என்று விரட்டவுமில்லை. மீனை அலசி முடித்து, அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு வந்து, இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.